ஏழாம் பீப்பாய்

— ருசி பாத்தாச்சுல்ல, துப்புங்க சோலாஞ், கூச்சப்படாதீங்க. மண்ணுத் தரைதானே. பன்னெண்டு வருஷமா இதே மூலையிலதான துப்புறீங்க?

— சிவப்பு ஒயின் நல்லாத்தான் இருக்கு கில்பேர். போன வருஷத்துக்கு இது கொஞ்சம் மெலிசு, ஆனா கோடைக்குச் சரியா இருக்கும். கடைக்கு அறுபது பாட்டில் எழுதிக்கிறேன். அடுத்து வெள்ளையா?

— பின்ன? உங்க லியோன் பட்டணத்துலதான் வெள்ளைய முதல்ல குடிச்சிட்டுச் சிவப்புக்குப் போவாங்க. எங்க மலையில சிவப்பு முன்னால, வெள்ளை பின்னால, மஞ்சள் ஒயின் கடைசி. ஹச்! மன்னிச்சிருங்க. நாலு நாளா இந்தச் சளி என்னப் போட்டு வாட்டுது.

— ஐயோ, ஒரு போன் பண்ணியிருக்கலாமே! அடுத்த வாரம் வந்திருப்பேன்.

— நல்ல கதை. மார்ச் மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை சோலாஞ் வருவாங்கன்னு எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். எனக்கு அடுத்து இன்னும் பத்து வீடு காத்திட்டிருக்கு. அதோட, என் மூக்கு அடைச்சிருந்தா என்ன, உங்க மூக்கு இருக்கே! ஒயின மோந்து பாக்கிறதுல லியோன்லயே பெரிய மூக்கு.

— அட, விடுங்க. வெள்ளைய ஊத்துங்க.

— இந்தாங்க. மெதுவா.

— ம்ம். சரி. இதுவும் அறுபது. இப்ப மஞ்சளுக்கு வாங்க. இதுக்குத்தான ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்.

— எட்டுப் பீப்பாய், வரிசையா நிக்குது பாருங்க. ஆறு வருஷம் மூணு மாசம் ஆச்சு, மேல ஒரு சொட்டு ஊத்தி நிரப்பல. பால்ல கட்டுற மாதிரி ஆடை கட்டியிருக்கு, மஞ்சளுக்கு அதுதான பக்குவம். சத்தியமாச் சொல்றேன் சோலாஞ், சரியாத் தூக்கம் இல்ல. நீங்க ஒரு பீப்பாயக் கைகாட்டினா அது என் பேர் போட்ட பாட்டில்ல லியோனுக்குப் போகும். உங்க கடையில பாத்துட்டு ஓட்டல்காரங்க மத்ததையும் கேப்பாங்க. நீங்க வேண்டாம்னுட்டா, பெரிய வியாபாரியோட லாரி வரும். எல்லாத்தையும் ஒரே தொட்டியில கொட்டிக் கலக்கிருவான். அப்புறம் அது யாரு ஒயின்னே தெரியாது.

— அப்படி விட்டுருவேனா? எதுல ஆரம்பிக்கலாம்? நீங்களே சொல்லுங்க.

— மூணுல ஆரம்பிக்கச் சொன்னா என் வீட்டுக்காரி இவெத். இந்தாங்க, மூணு.

— ம்ம்... நீங்க என்ன நினைக்கிறீங்க?

— நானா? இன்னிக்கு எனக்கு இதுவும் வெந்நீரும் ஒண்ணுதான். நீங்க சொன்னாத்தான் உண்டு.

— மோசமில்ல. மத்ததையும் பாத்துருவோம்.

— அப்ப ஒண்ணு, ரெண்டு... இது நாலு. இது அஞ்சு, சத்தமில்லாத பய. இது ஆறு. இந்தாங்க, ஏழு.

— கில்பேர்...

— என்ன?

— இதுதான்.

— நிஜமாவா?

— அக்ரூட், காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல், அடியில கொஞ்சம் தேன். எல்லாம் வருது. ஏழாம் பீப்பாய் முழுசா எனக்கு வேணும். ஒரு பாட்டில்கூட வேற யாருக்கும் குடுக்கக் கூடாது.

— என் தங்கமே! இவெத்! இவெத்! கீழ இறங்கி வா! சீஸும் ரொட்டியும் எடுத்துட்டு வா! சோலாஞ் ஏழ எடுத்துக்கிட்டாங்க!

— எதை எடுத்துக்கிட்டா?

— ஏழாம் பீப்பாய!

— ஏழா? என்னய்யா உளர்ற? ஏழுல சாக்கட்டியால பெருசா பெருக்கல் குறி போட்டு வெச்சிருந்தேனே, கண்ணுக்குத் தெரியல?

— குறியா? விருந்தாளி வர்றாங்களேன்னு நேத்து எல்லாப் பீப்பாயையும் ஈரத்துணியால பளிச்சுனு துடைச்சேன்.

— துடைச்சியா? கடவுளே! வருஷம் பூரா ஒரு துணியத் தொடாத மனுஷன்! அந்தக் கிளாஸக் குடு இப்படி... சீ! வினிகர்யா இது! பக்கத்துல கொண்டு போனாலே மூக்கு எரியுது. சாலட்டுக்கு ஊத்திக்கலாம்னு ஒதுக்கி வெச்சது.

— நான் சளிக்காரன், எனக்கு எப்படித் தெரியும்? சோலாஞ்தான் அக்ரூட், தேன்னு... சோலாஞ்? ஏன் இப்படி நிக்கிறீங்க? உங்களுக்கும் சளியா?

— சளி இல்ல கில்பேர். எனக்கு எந்த வாசனையும் தெரியாது.

— இன்னிக்கா?

— ரெண்டு வருஷமா. ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிருச்சு. வரவே இல்ல. காப்பி, சோப்பு, என் பொண்ணோட தலைமுடி, எதுவும் தெரியாது. நாக்குக்குப் புளிப்பு மட்டும் தெரியும். இந்த மலை மஞ்சள் எல்லாமே புளிப்புதான்.

— அப்ப போன வருஷம் எப்படி எடுத்தீங்க?

— அதாவது... உங்க முகத்தப் பாத்து.

— என் முகத்தயா!

— பிடிச்ச பீப்பாய்கிட்ட வந்தா மெதுவா ஊத்துவீங்க. கொஞ்சமா ஊத்துவீங்க. ஊத்திட்டு என்னையே பாப்பீங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான். இன்னிக்கு ஏழுகிட்ட வந்ததும் உங்க கண்ணு கலங்கிருச்சு. உங்க அப்பா வாங்கி வெச்ச பீப்பாயோ என்னவோன்னு நினைச்சேன்.

— அது சளிம்மா! மூக்கு ஒழுகினா கண்ணும்தான் ஒழுகும்!

— இப்பத் தெரியுது.

— சிரிக்காத இவெத்! இதுல சிரிக்க என்ன இருக்கு? போன வருஷம் இவங்க எழுதி அனுப்பின அட்டைய கண்ணாடி போட்டு அடுப்படியில மாட்டி வெச்சிருக்கேன். ‘மழை விட்டதும் அக்ரூட் தோப்புல நடந்த மாதிரி இருக்கு கில்பேரோட மஞ்சள்.’ காலையில காப்பி குடிக்கறப்போ தினம் படிக்கிறேன். அது பொய்யா சோலாஞ்?

— பொய்தான். மன்னிச்சிருங்க. இந்த வேலைய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பயந்துட்டேன். ஆனா இன்னிக்கு வினிகரையே புகழ்ந்துட்டேனே. இது லியோனுக்குப் போயிருந்தா கெட்டுப்போறது உங்க பேருதான். வேண்டாம், திங்கக்கிழமை முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிட்டு நின்னுக்கிறேன்.

— நின்னுட்டா? அடுத்த மார்ச்சுல யாரு வருவா?

— யாரும் வரமாட்டாங்க. பதினோரு சின்ன வீட்டுக்கு எதுக்கு வண்டியும் பெட்ரோலும், பெரிய வியாபாரிக்கு ஒரு போன் போட்டாப் போதாதான்னு அவரு ரொம்ப நாளாக் கேக்கிறாரு. நான்தான் மல்லுக்கட்டி நிறுத்தி வெச்சிருக்கேன்.

— அப்ப பதினோரு வீடும் போச்சுன்னு சொல்லுங்க.

— ஆமா கில்பேர்.

— ஆலங்கட்டி மழை பேஞ்ச வருஷம் ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீங்கதான் வந்து மிச்சமிருந்த ரெண்டு பீப்பாயையும் எடுத்தீங்க. அப்ப மூக்கு இருந்துச்சா?

— இருந்துச்சு.

— நிஜத்தச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு அந்த ஒயின்?

— சுமார்தான்.

— எனக்கும் தெரியும். அப்புறம் ஏன் எடுத்தீங்க?

— நீங்க அடுத்த வருஷமும் ஒயின் போடணுமே.

— பாத்தியா இவெத்? இவங்களப் போயி நான் திட்டிட்டு நிக்கிறேன்.

— நீ நகருய்யா. சோலாஞ், கேளு. இந்தா, முகத்தத் துடை. நோட்டுல ஏழ அடிச்சிட்டு மூணுன்னு எழுது.

— இனி எனக்கு எதையும் எழுத உரிமை இல்ல இவெத்.

— போன வருஷம் நீ எங்ககிட்ட எடுத்துட்டுப் போனதுல எது வீணாப் போச்சு? எந்த வீட்டு ஒயின யாரு திருப்பி அனுப்பினா?

— ஒண்ணும் இல்ல. எல்லாமே வித்துச்சு, திரும்பக் கேட்டாங்க. அதுதான் எனக்கே புரியல. கண்ணக் கட்டிட்டு எடுத்ததுல ஒண்ணாவது தப்பாப் போயிருக்கணும்.

— எப்படித் தப்பாப் போகும்? ரெண்டு வருஷம் முன்னால, முதல் வீடா ஜெர்மேன் வீட்டுக்குப் போன. தக்கை கெட்டு ஈரச்சாக்கு நாத்தம் அடிச்ச பாட்டில கால் மணி நேரம் நின்னு புகழ்ந்த. அவ உன் முன்னால வாயே திறக்கல. நீ வண்டி ஏறினதும் எனக்குப் போன் போட்டுட்டா.

— அப்ப... உங்களுக்குத் தெரியுமா?

— எனக்கு மட்டுமா? பதினோரு வீட்டுப் பொம்பளைங்களுக்கும் தெரியும். நீ வர்றதுக்கு முந்தின வாரம் எல்லாரும் சேந்து வீடு வீடாப் போயி ஒவ்வொரு பீப்பாயையும் ருசி பாத்துருவோம். நல்லது எதுவோ, அத அந்தந்த வீட்டு ஆம்பளை மனசுல போட்டு வெச்சிருவோம்.

— அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

— சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துருமே. அவளுக்குப் படிக்க இருக்கிறதே அது ஒண்ணுதான்.

— இவெத்... ஏன்? நல்ல மூக்குள்ள ஆள அனுப்புங்கன்னு கடைக்கு எழுதியிருக்கலாமே?

— மூக்குள்ளவன் எவனும் இந்த மலை ஏறி வரல, நீதான் வந்த. மூக்க நாங்க பாத்துக்கிறோம், நீ வண்டிய ஓட்டு.