பழக்கப்படுத்தும் ஊசி

மானுட குலத்தின் நலன் கருதி முதலில் ஓர் அறிவிப்பு: பன்றியின் வாந்தி காலணியின் தையலுக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. மினசோட்டாவில் பனிக்காலத்தில் ஜன்னலையும் திறக்க முடியாது. விசாரணை என்று வந்து நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மேடம். எல்லாம் அந்த நாற்றத்தில்தான் தொடங்கியது.

நான் உருவாக்கிய மருந்துத் துகள் அழகானது. ரத்த அணுவைவிடப் பல மடங்கு சிறியது. உள்ளே புற்றுநோய் மருந்து, மேலே வழவழப்பான பூச்சு. "உடலின் காவலர்கள் கண்ணில் படாத கப்பல்" என்று மேடைகளில் சொல்வேன், கைதட்டுவார்கள். காவலர்கள் என்றால் வெள்ளணுக்கள். காவலர்களாம். எதைக் கண்டாலும் விழுங்கப் பார்த்து, ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரைக் கூட்டும் கொழகொழப் பிண்டங்கள்.

ஆனால் சோதனைக்கு வைத்திருந்த பன்றியின் வெள்ளணுக்கள் ஏமாறவில்லை. முதல் ஊசி ஏறிய சில நிமிடங்களில் தோல் திட்டுத்திட்டாகச் சிவந்தது, மூச்சு இழுத்தது, பிறகு என் காலணி. ஆனால் அன்று மாலையே அதே ஊசியை மறுபடி போட்டால் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளணுக்கள் கத்திக் களைத்திருந்தன.

புதிதாக வந்த பன்றியை ஆளுக்கும் இடத்துக்கும் பழக்கிய பிறகே சோதனையைத் தொடங்குவது எங்கள் வழக்கம். பழக்கும்போது நடப்பது கணக்கில் வராது. எனவே முதல் ஊசிக்குப் 'பழக்கப்படுத்தல்' என்று பெயர் வைத்தேன். கால்நடை மருத்துவர் மார்லிஸ் மட்டும் விடவில்லை.

"லீலண்ட், இதுக்குப் பேரு பழக்கமா? செத்துப் பொழச்சிருக்கு அது."

"பன்னி நுரையீரல்ல அப்படி ஒரு வெள்ளணு இருக்கு. மனுஷனுக்குக் கிடையாது."

"அவ்வளவு நிச்சயமா? அப்ப மனுஷனுக்கும் மொதல்ல கொஞ்சூண்டு போட்டுப் பழக்கிடேன்."

"போட்டா ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. மனுஷனுக்குப் போட அனுமதி குடுக்கணும்னா கேக்கத்தானே குழுன்னு ஒண்ணு உக்காந்திருக்கு."

அடுத்த வாரம் அவளை ஆட்டுக் கொட்டிலுக்கு மாற்றச் செய்தேன். குழுவுக்கு இரண்டாவது ஊசி போட்டபோது எடுத்த வீடியோவை மட்டும் காட்டினேன். அதில் பன்றி குறட்டை விட்டது. அனுமதி கிடைத்தது.

முதல் ஆளாக வந்தவர் ஆர்வில் டான்பெர்க். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஈரலில் கட்டி. மடியில் மனைவி செய்து கொடுத்த எலுமிச்சைக் கேக்.

"டாக்டர், பன்னிக்குப் போட்டதத்தான் எனக்கும் போடுறீங்களாமே? என் வீட்டுக்காரி கேட்டா, சரியான ஆளுக்குத்தான் போடுறாங்கன்னுவா."

எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். தின்றேன்.

மருந்து ஏறத் தொடங்கியது. கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. நர்ஸ் நிறுத்தக் கை நீட்டினாள். "விடும்மா, பழகிரும்" என்றேன். பெரிய டாக்டர் சொன்னால் கையை எடுத்துவிடுவார்கள். பிறகு எலுமிச்சை வாசனையோடு என் புதுக் காலணி. அப்போது எனக்கு வந்தது பயமல்ல, மேடம், அருவருப்பு. இவ்வளவு நேர்த்தியான ஒன்றை இந்த உடம்பு இப்படியா வரவேற்கும் என்று. குனிந்து காலணியைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது நர்ஸ் அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். பிரயோஜனமில்லை.

இப்படி ஆகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒவ்வொரு பன்றியிலும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டாவது ஊசி வரை இருந்திருந்தால் அவருக்கும் பழகியிருக்கும்.