கெட்டால் எப்படிக் கெடும் என்று கேட்ட பொன்மணி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பட்டாசுத் தொழிலதிபர் அய்யாதுரை அண்ணாச்சி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, ஆமத்தூர் உறவுகளே, வேலையை விட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் மேலாக, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருமை நாகையா அவர்களே, உங்கள் அனைவரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

என் பெயர் காளீஸ்வரன். இந்த விருதுநகரில் ரேடியோ, டிவி உதிரிப் பாகங்கள் விற்கிறேன். எங்கள் ஞாயிறு மின்னணுக் கழகத்தின் செயலாளர், சிமெண்ட் ஆலையின் கருவிப் பிரிவு மெக்கானிக், பொன்மணி அம்மையாரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். என்ன பேசுவேன்? அவர் இருந்தவரை நான் பேசியதைவிட அவர் கேட்டதுதான் அதிகம்.

2007-ஆம் ஆண்டு தை மாதம். எங்கள் கழகத்துக்கு லேசர் ஆசை பிடித்திருந்தது. பழைய டிவிடி ரைட்டரை உடைத்தால் உள்ளே அரிசி மணி அளவில் ஒரு டயோடு கிடைக்கும். அதற்கு அளவாக மின்சாரம் கொடுத்தால் சிவப்புக் கதிர் வரும். அந்த அளவைக் காக்கும் சின்ன சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பெயர். மின்சாரம் ஒரு கணம் கூடினாலும் டயோடு செத்துவிடும். செத்த பிறகும் மங்கலாக ஒளி தரும், ஆனால் அது லேசர் அல்ல. வங்கி ஊழியர் புகழேந்தி அன்று அந்தக் கதிரை ஒரு தீக்குச்சியின் தலையில் காட்டினார். குச்சி பற்றிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினோம்.

ஒருவர் மட்டும் தட்டவில்லை. பொன்மணியின் தாயார் ஆமத்தூரில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய கூலித் தொழிலாளி. அந்த வீட்டில் பிறந்த பெண் எழுந்து, இந்த டிரைவர் கெட்டுப்போனால் கரண்ட் கூடுமா குறையுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. விற்ற எனக்கும் தெரியவில்லை.

நான் வியாபாரி. சென்னையிலிருந்து தயாராக வரும் டிரைவர் போர்டுகளை விற்றுவந்தேன். கையால் செய்வது வெட்டி வேலை, வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது என் கட்சி. அடுத்த வாரமே அம்மையார் செத்துப்போன ஒரு போர்டோடு கடைக்கு வந்தார். உங்கள் கைபட்டுக் கெட்டிருக்கும், திரும்ப எடுக்க முடியாது என்று வழக்கம்போல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“மாத்திக் கேக்க வரல அண்ணாச்சி. இது எப்படிக் கெட்டுச்சுன்னு பாக்க வந்தேன். இங்கன உக்காந்து பாத்துக்கிடட்டுமா?” என்றார்.

அன்று மாலை கடை அடைக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

இதே நேரத்தில்தான் அய்யாதுரை அண்ணாச்சி ஒரு வேலை கொடுத்தார்கள். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சீசன் வந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். ஐந்தாவது ஆள் நுழைந்தால் மணி அடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று அண்ணாச்சி கேட்டார்கள். அறைப் பக்கம் மின்சாரமே போகக் கூடாது. பொன்மணி யோசித்து ஒரு வழி சொன்னார். பாட்டரிப் பெட்டியைத் தூரத்து மரத்தடியில் வைப்போம். குச்சியைப் பற்றவைக்கும் அந்த டயோடு வேண்டாம், சாதா பாயிண்டர் டயோடு போதும். வாசலுக்குக் குறுக்கே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிர் ஓடட்டும். எந்தக் கதிர் முதலில் மறைகிறதோ அதை வைத்து ஆள் உள்ளே போகிறாரா, வெளியே வருகிறாரா என்று தெரிந்துவிடும். அறையை நெருங்குவது வெளிச்சம் மட்டுமே.

நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஓடவேண்டிய டிரைவரை வாங்குவதா, செய்வதா? அண்ணாச்சி என் கட்சி. வாங்கிப்போடச் சொன்னார்கள். செய்வேன் என்று அம்மையார் அடம்பிடித்தாரா? இல்லை. இரண்டையும் வெயிலில் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

என் கடையின் தகரக் கூரையில் இருபது டயோடுகள். பத்து, நான் விற்ற போர்டில். பத்து, அவர் கையால் ஈயம் உருக்கிப் பற்றவைத்த டிரைவரில். நாற்பது நாள். தினமும் ஆலை வேலை முடிந்து பஸ்ஸில் வந்து ஏணி ஏறுவார். தகரம் காலைச் சுடும். எத்தனை எரிகிறது, எத்தனை நின்றது என்று எழுதிக்கொள்வார்.

முடிவு என்ன தெரியுமா? நான் விற்றதில் இரண்டு நின்றன. அவர் செய்ததில் ஐந்து நின்றன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொன்னேன். அவரோ அந்த முடிவைத் தன் கையாலேயே எழுதிக் கழகத்தின் பலகையில் ஒட்டினார். ஐந்துக்கு இரண்டு. தோற்றது யார் என்பதையும் பெயர் போட்டு எழுதினார்.

பிறகு ஏழையும் பிரித்தார். ஏழிலும் நோய் ஒன்றுதான். மின்சார அளவைத் திருகி வைக்கிற சின்னத் திருகி ஒன்று உண்டு. வெயிலில் அதன் உள்தொடர்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் விட்டபோது நடந்தது வேறு வேறு. அவர் செய்ததில் மின்சாரம் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து டயோடும் உயிரோடு இருந்தன. நான் விற்றதில் மின்சாரம் எகிறிவிட்டது. இரண்டு டயோடும் செத்திருந்தன.

என்னிடம் காட்டிவிட்டு, “எம்புட்டுத் தடவ கெட்டுச்சுன்னு எண்ணிட்டோம் அண்ணாச்சி. கெடும்போது என்ன செய்யுதுன்னும் பாக்கணுமில்ல?” என்றார்.

அத்தோடு நிற்கவில்லை. தன் சர்க்யூட்டில் அந்தத் திருகியைத் தூக்கிவிட்டு, மாறாத ரெசிஸ்டர் போட்டு, வைகாசி முழுக்கக் கூரையில் ஓட்டினார். ஒன்றுகூட நிற்கவில்லை. நண்பர்களே, அதற்குப் பிறகும் அவர் என் கடையில் வாங்குவதை விடவில்லை. பாட்டரி, சார்ஜர், பெட்டி, ஐ.சி. எல்லாம் என்னிடம்தான். எது கெட்டால் ஆளுக்கு ஆபத்தோ அதை மட்டும் தானே செய்துகொண்டார். வாங்குவதா செய்வதா என்று நாங்கள் ஞாயிறுதோறும் போட்ட சண்டை அதோடு முடிந்தது.

பெட்டியைப் பட்டாசு ஆலையில் வைத்த முதல் வாரம், ஒரே ஆள் உள்ளே போனாலும் கணக்கு இரண்டு ஏறியது. எங்களுக்குக் காரணம் புரியவில்லை. அம்மையார் லீவு போட்டுவிட்டுப் போய் மரத்தடியில் அமர்ந்து, பெண்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வெடிமருந்து நிரப்பும் பாண்டிச்செல்விதான் கண்டுபிடித்துச் சொன்னார். இதோ, பின்வரிசையில் இருக்கிறார்.

“நாங்க தட்ட முன்னால நீட்டிக்கிட்டுல்ல போறோம். ஒங்க பெட்டி தட்ட ஒரு ஆளா எண்ணுது” என்றார்.

கதிரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்கள். கண்ணிலும் படாது. தட்டு தப்பியது. சேலை கட்டிய கால்கள் ஒரு ஆளாகத் தெரிந்தன. பேண்ட் போட்ட போர்மேன் மட்டும் இரண்டு ஆளானார். அதைச் சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அம்மையாரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு, 2008, தீபாவளி நெருக்கம். லோடு ஏறவேண்டும். போர்மேன் இரண்டு பேரைக் கூடுதலாக அந்த அறைக்கு அனுப்பினார். மணி அடித்தது. பெட்டி கெட்டுப்போச்சு, வேலையைப் பாருங்கள் என்றார் போர்மேன். பாண்டிச்செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். மணி அடித்தால் வெளியே வரச் சொல்லி அந்த அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்றார். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். வேலை நின்றது. அண்ணாச்சிக்குப் போன் போனது. அண்ணாச்சி கோபத்தோடு வந்தார்கள். இதை நான் மறைக்கவில்லை. மறைக்காமல் சொல் என்று அண்ணாச்சிதான் சொன்னார்கள். ஆலங்குளத்திலிருந்து பொன்மணி வரவழைக்கப்பட்டார்.

அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். பழுது இல்லை. ஆனால் பழுது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

“பெட்டி கெட்டாலும் மணி அடிக்கும் அண்ணாச்சி, அப்படித்தான் செஞ்சிருக்கேன். பொய்யா அடிச்சா அரை மணி நேர வேலதான் போகும். அடிக்கவேண்டிய நேரத்துல அடிக்காமப் போனா என்னாகும்னு நீங்களே சொல்லுங்க.”

அண்ணாச்சி அந்த இரண்டு பேரையும் வேறு அறைக்கு அனுப்பச் சொன்னார்கள். லோடு ஒரு நாள் தாமதமாகப் போனது. அன்று எந்த விபத்தும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் மாலை போடுவார்கள்? யார் செய்தி போடுவார்கள்? ஆறு பெண்கள் மாலையில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். நான் சொல்ல வந்த புகழெல்லாம் அதுதான்.

இந்த ஆண்டு மாசியில் மஞ்சள் காமாலை என்று படுத்தார். பதினாறே நாள். மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். கையில் ஊசி, பக்கத்தில் மருந்தை அளந்து ஏற்றும் சிறு இயந்திரம். கரண்ட் போனால் இது நிற்குமா, ஓடுமா என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் விசாரித்து மறுநாள் வந்து சொல்லியிருக்கிறாள்: உள்ளே பாட்டரி இருக்கிறது, அதுவும் தீர்ந்தால் சத்தம் போடும் என்று. “நல்லாச் செஞ்சிருக்காக” என்று என்னிடம் சொன்னார். யாரோ முகம் தெரியாத ஒருவரின் வேலையைப் பாராட்டியதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு. நாற்பத்தைந்து வயது. நாகையா, உங்களுக்கு நான் என்ன ஆறுதல் சொல்வேன்?

அண்ணாச்சி இன்னும் பன்னிரண்டு அறைகளுக்குப் பெட்டி கேட்டிருக்கிறார்கள். கழகம் அதைச் செய்து முடிக்கும் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். இருபத்தாறு வருடம் பாகம் விற்றவன் நான், ஒரு தடவைகூடப் பற்றவைத்ததில்லை. போன வாரம் புகழேந்தியிடம் கற்றுக்கொண்டு ஒரு டிரைவர் செய்தேன். எரியவில்லை. ஏன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்கப்போகிறோம்; விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

நான் மேடை ஏறுவதற்கு முன் பாண்டிச்செல்வி என்னைப் படியில் நிறுத்தினார். அழவில்லை. “அந்தப் பெட்டில ஏதாச்சும் சந்தேகம்னா இனி யாருட்ட சொல்லணும்?” என்று கேட்டார். கூட்டம் தொடங்கிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன், தாயி. என்னிடம் சொல்லுங்கள். கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் கைபட்டுக் கெட்டிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.