கோப்பையின் அடியில் இருந்த முகம்

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இது எங்கள் குடும்பத்தில் நடந்ததல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நண்பன் ஹுஸைனின் மச்சான் இப்திகாருக்கு நடந்தது.

மஃரிப் தொழுகை முடிந்த நேரம். மழை. கெலிஓயாவிலிருந்து மேலே ஏறும் ஒடுங்கிய பாதை… ஒரு விளக்கும் கிடையாது. இப்திகாரின் மகள் இன்ஷிராவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பேச ஒரு பெரியவர் வேண்டுமென்று ஹுஸைன் என்னைக் காரில் அழைத்துப் போனான். பாதி வழியில் காருக்குள் கற்பூர வாசம். மையித்தைக் குளிப்பாட்டி வைப்போமே, அந்தக் கற்பூரம்.

“எங்கடா கூட்டிப் போற, ஜனாஸா ஊட்டுக்கா?” என்றேன்.

அந்த மழையிலும் ஹுஸைன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

இப்திகாருக்குப் பழைய ஜப்பான் தேநீர்க் கோப்பைகள் சேர்ப்பதில் பெரிய பைத்தியம். முன் அறை முழுக்கக் கண்ணாடி அலுமாரிகள். அன்று எடுத்து வைத்தது எல்லாவற்றிலும் சிறந்த செட். முட்டை ஓடுபோல மெல்லிய பீங்கான். வெறுங்கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடியில் ஒரு ஜப்பான்காரியின் முகம் தெரியும். வர்ணமல்ல… பீங்கானிலேயே வார்த்தது.

“என்ட மூத்தவாப்பா வாங்கினது. குடிச்சிட்டுத் தூக்கிப் பாருங்க” என்றார் இப்திகார்.

“மானமுள்ள குடும்பம்” என்று நானும் சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் மஸாஹிரா, திகனை ஊர்க்காரி. குடித்து முடித்துக் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கினார். கை அப்படியே நின்றது.

“இது எங்கட பக்கத்தூட்டு ரபீகா ராத்தா மாதிரியெல்லோ ஈக்குது…”

அவர் வெள்ளை மனதோடு சொல்லிக்கொண்டே போனார். “போன மாசம்தான் மௌத்தாகி அடக்கினாங்க, பாவம். ஜப்பான் கோப்ப செட்டொண்ட யாரிட்டயோ நம்பி அமானிதமா வெச்சீந்தாங்களாம். திருப்பிக் கேட்டுப் போனா, ‘எனக்கிட்ட ஒண்டும் தரல்லையே ராத்தா’ எண்டு சொல்லிட்டாராம் அந்த மனிசன்.”

நான் என் கோப்பையைத் தூக்கினேன். முக்காடு. கன்னத்தில் ஒரு மச்சம். மூடியிருந்த கண்கள்… மெல்லத் திறந்தன.

கீழே வைத்துவிட்டேன். பீங்கான் தட்டில் ‘டிங்’ என்றது. இப்திகார் தலை தூக்கவில்லை. சற்று முன் நான் சொன்ன ‘மானமுள்ள குடும்பம்’ என் வாயிலேயே நாறியது.

திரைக்குப் பின்னாலிருந்து இன்ஷிரா வந்தாள். வந்தவர்கள் பார்த்திருக்க, ஒவ்வொரு கோப்பையாக எடுத்துத் தன் சால்வையில் சுற்றினாள்.

“வாப்பா, கார எடுங்க. திகனைக்குப் போவோம்.”

அன்றே ரபீகாவின் மகனிடம் ஒப்படைத்தார்கள். அவன் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தானாம். எல்லாவற்றிலும் பழைய ஜப்பான்காரிதான். வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் பிறகு பேச்செடுக்கவில்லை. இப்திகார் அலுமாரிகளை வெறுமையாக்கிவிட்டார். இப்போது எங்கு போனாலும் எவர்சில்வர் குவளையில்தான் தேத்தண்ணீர் கேட்கிறார். அதையும் அடி தெரியுமட்டும் குடிப்பதில்லை.

போன வாரம் ஹுஸைன் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதியில் வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி எழுந்து போனார். குவளையை ஓரமாக வைக்கலாமென்று கையில் எடுத்தேன்.

கற்பூர வாசம்.