நடுவில் செருகிய பெயர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மெக்கானிக் சங்கத் தலைவர் அவர்களே, லிப்டுக் கயிற்றோடு காலம் கழித்த பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் மச்சான் அவர்களே, வணக்கம்! கண்ணில் களைப்பு, காலில் களைப்பு, கருத்திலும் களைப்போடு நிற்கிறேன். கைதட்டலை மிச்சம் வையுங்கள்.

பாதுகாப்பு பற்றிப் பேச அழைத்தீர்கள். நானோ லிப்டுப் பெட்டிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறவன். அதில் 'எனம்' என்று ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. பெயர்களை வரிசையாக எழுதினால் போதும். முதல் பெயருக்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என எண் தானாக விழும். லிப்டுக் கதவுக்கு, "திறந்தது" பூஜ்யம்; "மூடியது" ஒன்று. என்ன தம்பி, தூக்கம் வருதா? எனக்கும்தான் வருது, கொஞ்சம் பொறுத்துக்கோ.

மனிதன் பார்ப்பது பெயரை. இயந்திரம் பார்ப்பது எதை? எண்ணை! கதவைக் கவனிக்கும் பெட்டியிலிருந்து மோட்டாரை ஓட்டும் பெட்டிக்குக் கம்பியில் எண் மட்டுமே போகும்.

கதவு பாதியில் நின்றால் அதையும் சொல்ல வேண்டும் என்றார்கள். "பாதி" என்ற பெயரைக் கடைசியில் சேர்த்திருந்தால் தொல்லையே இல்லை. சேர்த்தானா நிரல் எழுதிய அந்தப் புத்திசாலி? திறந்தது, பாதி, மூடியது என்று அழகு பார்த்து நடுவில் செருகினான்! "பாதி" ஒன்றாயிற்று, "மூடியது" இரண்டாயிற்று. கதவுப் பெட்டிக்குப் புதிய நிரல் போயிற்று. மோட்டார்ப் பெட்டியில் பழையதே இருந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தடுத்ததா? இல்லை. எச்சரித்ததா? அதுவும் இல்லை.

புதிய நிரல் போட்ட அன்றே, ஒரு மருத்துவமனையில் முதல் ஓட்டத்திலேயே கதவு பாதியில் நின்றது. "ஒன்று" என்றது கதவு. மூடியாயிற்று என்று கிளம்பிவிட்டது மோட்டார். ஸ்ட்ரெச்சரை இழுத்து நோயாளியைக் காப்பாற்றிய ஊழியர் அம்மாவுக்கு இரண்டு விரல்கள் போயின.

பழி யார்மேல் விழுந்தது? கதவைப் பராமரித்த மெக்கானிக்மேல்! எட்டு மாதமாக வேலையிழந்து வீட்டில் இருக்கும் அவர், என் மனைவியின் அண்ணன். "எங்கண்ணன் அசட்டையா இருக்கிற ஆளா? நீங்களாவது போய்ச் சொல்லுங்களேன்" என்று தினமும் கேட்கிறாள் அவள். மச்சானோ, "விடுங்க மாப்ள, நானே ஏதாவது நட்டை முறுக்காம விட்டிருப்பேன்" என்கிறார். தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார், ஐயா!

எந்த நட்டும் தளரவில்லை. அந்தப் பெயரை நடுவில் செருகியவன் நான். விபத்துக்கு மறுநாளே பட்டியலைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். வேலை போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஏசுங்கள், ஏசுங்கள், நியாயம்தான். மறைத்து மறைத்து ஓய்ந்துபோனேன்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை இதோ தலைவரிடம் தருகிறேன். விசாரணைக் குழுவுக்கு அனுப்புங்கள்.

மச்சான், எழுந்து போகாதீங்க. உங்க கை எந்தத் தப்பும் பண்ணல.

விரல் இழந்த அந்த அம்மாவுக்கு என் வணக்கம். என்னை இறக்கிவிடாமல் பேசவிட்ட உங்களுக்கு நன்றி.