ரவ்தா ஏன் வந்தார், ஏன் போனார்

தலைமை தாங்கும் நகர்மன்றத் தலைவி ஸகியா அவர்களே, வேலை முடிந்து பாஸ்பேட் தூசி படிந்த சட்டையோடே வந்து அமர்ந்திருக்கும் சுரங்கத் தோழர்களே, கூஸ்கூஸ் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்த தாய்மார்களே, பட்டம் பெற்றும் பணி பெறாத இளைஞர்களே, உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவுக.

போனவரைப் பழிக்க ஒரு கூட்டம், வந்தவரைப் புகழ ஒரு கூட்டம், இரண்டையும் நம் ஊர் நிறையவே நடத்திவிட்டது. நான் பழிக்க வரவில்லை, புகழவும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வந்திருக்கிறேன்.

ரவ்தா குஸ்மியை அறியாதவர் இங்கே யார்? தையற்கடை மப்ரூக்காவின் மகள். லியோன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர். அங்கே எதை ஆராய்ந்தார்? நம் வீட்டுச் சுவரிடுக்கில் வாழும் தேளை. அதன் நஞ்சு நெஞ்சை என்ன செய்கிறது என்பதை எலிகளின் இதயத்தில் தேடினார். கொடுக்கு இங்கே, குழந்தை இங்கே, குழி வெட்டும் மண்ணும் இங்கே. ஆராய்ச்சி மட்டும் கடலுக்கு அப்பால்.

அந்த ரவ்தா ஒருநாள் திரும்பி வந்தார். தாய்மண் பாசம் என்றது ஒரு காப்பிக்கடை. துரத்திவிட்டார்கள் என்றது எதிர்க்கடை. அவருடைய அத்தை நேரிலேயே கேட்டுவிட்டார்:

"அங்க என்னடி தப்பு பண்ணின?"

"தப்பு ஒண்ணும் பண்ணல அத்தை. ஒப்பந்தம் முடிஞ்சது, அடுத்தது கிடைக்கல. அம்மாவுக்கும் முட்டிவலி. வந்துட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் அவ்வளவுதான் உண்மை. அதை அலங்கரிக்க அவர் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

நான் மருத்துவராகப் பணிபுரியும் அவசரப் பிரிவில் அவருக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நெஞ்சின்மேல் வைத்தால் இதயம் துடிப்பதைத் திரையில் காட்டும். தேள் கொட்டி வரும் ஒவ்வொரு குழந்தையின் இதயத்தையும் முதல் சில மணி நேரத்தில் பார்த்துப் பதிய வேண்டும், அதுவே அவருடைய ஆய்வு. பெற்றோர் சம்மதித்தால் மட்டுமே.

பெற்றோர் சம்மதித்தார்களா? பாஸ்பேட் ரயில் ஓட்டும் லஸ்ஹர் அண்ணனைக் கேளுங்கள். அதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். சொல்லட்டுமா அண்ணே? தலையாட்டுகிறார்.

ஜூலை மாதத்து மதியம். மகள் நூர்ஸீனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். குழந்தை வாந்தி எடுத்திருந்தது. வேண்டிய மருந்தைக் கொடுத்தோம். ரவ்தா ஆய்வைப் பற்றிச் சொல்லிச் சம்மதம் கேட்டதும் இவருக்குக் கோபம் வந்தது.

"தேள் கொட்டின புள்ளைய வச்சுக்கிட்டு உங்களுக்கு ஆராய்ச்சி கேக்குதா?"

"வேண்டாம்னா வேண்டாம் அண்ணே. வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்று விலகி நின்றார் ரவ்தா.

சற்று நேரத்தில் வலி தணிந்தது. குழந்தை தர்பூசணி கேட்டது. அப்பா தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் தடுக்கவில்லை. ரவ்தாதான் வாசலை மறித்தார்.

"ஆராய்ச்சிய விடுங்க. இவ பேரு அதுல வரவே வராது. நெஞ்ச ஒரு தடவ பாக்க விடுங்க. இந்த வேர்வை எனக்குப் பிடிக்கல."

"எலியப் பாத்துப் படிச்சவங்க நீங்க. என் புள்ள என்ன எலியா?"

"எலின்னா நான் கெஞ்ச மாட்டேன் அண்ணே."

லஸ்ஹர் அண்ணன் நின்றார். குழந்தையைக் கட்டிலில் கிடத்தினார். திரையில் பார்த்தோம்: சுருங்கி விரிய வேண்டிய இதயம் சுருங்கத் திணறிக்கொண்டிருந்தது. வெளியே சிரிப்பு, உள்ளே சரிவு. உடனே இதயத்துக்கு மருந்து ஏற்றி, கஃப்ஸா பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். நூர்ஸீன் பிழைத்தாள்.

பின்பு ரவ்தா ஆய்வுக்கட்டுரை எழுதினார். நான் சொன்னேன்: "நூர்ஸீனையும் சேருங்க. அதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடையாது."

"அவ அப்பா வேண்டாம்னாரே, இப்திஸாம்."

"இப்பக் கேட்டா சரிம்பாரு."

"நன்றிக்காகச் சரிம்பாரு. அது சம்மதம் இல்ல."

சேர்க்கவில்லை. அந்தச் செய்தி எப்படியோ ஊருக்குள் பரவியது. அடுத்த கோடையில் தாய்மார்களே வந்து, "அந்தக் கருவிய வச்சுப் பாருங்கம்மா" என்றார்கள். நம்பிக்கையை அவர் கேட்டுப் பெறவில்லை, விட்டுக்கொடுத்துப் பெற்றார்.

அப்புறம் என்ன ஆயிற்று? தற்காலிக வேலை முடிந்தது. நிரந்தரப் பதவிக்கான கோப்பு மேசை மாறியது, மாடி மாறியது, மாதம் மாறியது. முடிவு மட்டும் வரவில்லை. லியோனிலிருந்து அழைப்பு வந்தது. போய்விட்டார்.

'துரோகி' என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. ஐயா, உங்களோடு சண்டையிட நான் வரவில்லை. வண்டி நிறுத்தத்தில் அவருடைய பெட்டியைச் சுமந்து நின்றவர் லஸ்ஹர் அண்ணன். அவர் கேட்டதைச் சொல்கிறேன்.

"நாங்க என்ன குறை வச்சோம்?"

"நீங்க வைக்கல அண்ணே. இங்க எனக்கு வேலை இல்ல. அங்க இருக்கு."

"திரும்ப வருவீங்களா?"

"தெரியாது."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கருவியை எங்களிடமே விட்டுச் சென்றார். அதைப் பிடிக்க எனக்கும் இரண்டு செவிலியர்க்கும் கற்றுக்கொடுத்துவிட்டே சென்றார்.

சபையோரே, வருவதும் போவதும் அவரவர் கால். வந்த கால் நிற்க இடம் கொடுப்பது யார் கடமை? கோடை நெருங்குகிறது. கல் காயும், சுவர் காயும், தேள் வெளியே வரும். யார் போனார், யார் வந்தார் என்று கேட்டுவிட்டா அது கொட்டும்?

திங்களன்று ஆளுநர் அலுவலகத்துக்குப் போகிறோம். கேட்பது ஒன்றே ஒன்று: நம் மருத்துவமனையில் ஓர் ஆய்வாளர் பதவி, நிரந்தரமாக. ரவ்தா வந்தால் ரவ்தாவுக்கு. வராவிட்டால் இந்த மண்ணின் வேறொரு மகளுக்கு, மகனுக்கு. எவருமே வராவிட்டால் அது காலியாகவே இருக்கட்டும். இந்த ஊர் கதவைச் சாத்தவில்லை என்பதையாவது அந்தக் காலியிடம் சொல்லட்டும்.

பொறுமையாகக் கேட்ட தலைவிக்கும், கோபத்தோடு கேட்ட பின்வரிசைக்கும் என் நன்றி. திங்களன்று சந்திப்போம். வணங்கி அமர்கிறேன்.