வரன்களுக்குக் கொடுத்த சுரை விதை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: என் மனைவி, என் மகள், என் மனைவியின் தம்பி, மகளைக் கேட்டு வந்திருந்த தராசு பழுதுபார்ப்பவர், அவருடைய அக்கா, பிறகு நான். தானும் இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் திரிகிறார். அவர் மதில் மேல் இருந்தார். மதில் கூடத்தில் சேராது.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைப்பார்கள்.

எங்கள் வீட்டுச் சுரைக்காய் நீண்ட கழுத்தும் வெள்ளை வரியும் கொண்டது. அந்த வகை வேறு எவர் தோட்டத்திலும் இல்லை. விதை கேட்டு வந்தவரை நான் வெறுங்கையோடு அனுப்பியதே கிடையாது. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விதையும் கொடுப்பேன். கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை உண்டு. விதையைத் துணியில் முடிந்து, கொதிக்கும் பானையின் ஆவியில் சற்றுப் பிடித்துவிட்டு, நிழலில் உலர்த்துவேன். பார்த்தால் தெரியாது. சொல்லப்போனால் ஒரு மெருகுகூட ஏறும். முளைக்காது, அவ்வளவுதான்.

இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கண்ட கண்ட வேலியிலெல்லாம் எங்கள் காய் தொங்கினால் எங்கள் வீட்டுக்கு என்ன மதிப்பு? “உங்க கைராசி எங்களுக்கு ஏது” என்று அவர்களே சொல்லிக்கொண்டு அடுத்த பருவத்திலும் வந்து நின்றார்கள். நானும் முகம் சுளிக்காமல் மறுபடியும் கொடுத்தேன்.

கைராசி உண்மையில் என் மகளுடையது. மாலையில் பூ விரியும் நேரம் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, வண்டு புகாதபடி நூலால் கட்டிவிடுவாள். அவள் தொட்ட பிஞ்சு ஒன்றும் வெம்பியதில்லை. நான் தொட்டவை அழுகின. அதை நான் வெளியில் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை.

அவளுக்கு வரன் வரத் தொடங்கியபோது ஒரு முறை வகுத்தேன். பெண் கேட்டு வருபவருக்கு மூன்று சுரை விதை கொடுப்பது. முளைத்த தொட்டியோடு அவர் திரும்பி வந்தால் மேற்கொண்டு பேசுவது. இது பரம்பரை வழக்கம் என்று சொல்லிவைத்தேன். பரம்பரையும் எங்காவது ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும்.

வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர். எல்லோருக்கும் ஆவி பிடித்த விதையே கொடுத்தேன். ஆள் பார்த்து வித்தியாசம் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. எல்லோரும் தலை குனிந்து வெறும் மண்ணோடு திரும்பி வந்தார்கள். மருந்துக் கடைக்காரரை மட்டும் மகளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை முயன்று பார்க்கிறேன் என்று கெஞ்சினார். பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். அவர் விடாப்பிடியானவர் என்பதால் அந்த விதையை இரண்டு முறை ஆவியில் பிடித்தேன். பிறகு அவர், தன் கை பட்டது உருப்படாது என்று கடையையே விற்றுவிட்டு எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. வருத்தம்தான். நல்ல மருந்துக் கடை.

மகளுக்குத் தலை நரைத்தது. காய்ப்பு குறையவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்தத் தராசுக்காரர் தொட்டியோடு வந்தார். தொட்டியில் மூன்றும் முளைத்திருந்தன.

“என் தம்பி கையப் பாத்தீங்களா? மூணும் பொண்ணு பாக்க வந்த மாதிரி எப்படி நிமிந்து நிக்குது!” என்றார் அவருடைய அக்கா.

என் இக்கட்டை யோசித்துப் பாருங்கள். அந்த விதை முளைக்காது என்பது உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். அப்படியானால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மோசடிக்காரர். வாயை மூடிக்கொண்டால் மோசடிக்காரர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவார். குடும்ப மானமா, என் சௌகரியமா என்று வந்தபோது நான் தயங்கவில்லை.

“இது நான் குடுத்த விதை இல்ல. நான் குடுத்தது முளைக்காது. நானே அவிச்சது” என்றேன்.

மைத்துனன் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீரைக் கீழே வைத்தான். “அத்தான், விதைய அவிச்சீங்களா? எதுக்கு, சுண்டல் பண்ணித் திங்கவா?”

தராசுக்காரர் எழுந்து நின்றார். “ஊறப் போட்டதுமே வெந்த வாசன அடிச்சுதுங்க. இந்த வீட்டு அம்மாகிட்ட கொண்டாந்து காட்டினேன். அவங்கதான் விதை ஜாடியிலேருந்து வேற மூணு எடுத்துக் குடுத்தாங்க.”

ஆக, என் சந்தேகம் சரியென்று நிரூபணமாயிற்று.

“ஆமா, நான்தான் குடுத்தேன்” என்றாள் என் மனைவி. “அந்தப் பானைல ஏன் எப்பவும் ஒரு வாடைன்னு இத்தன வருஷம் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன்ல.”

மகள் என்னைப் பார்த்தாள். “எல்லாருக்குமாப்பா?”

“எல்லாருக்கும்தான்.”

“மருந்துக் கடைக்காரருக்கும்?”

“அவருக்கு ரெண்டு தடவ.”

அவள் கத்தவில்லை. எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. அந்த விஷயத்தில் அவளை நன்றாகவே வளர்த்திருக்கிறேன். உள்ளே போய் விதை ஜாடியை எடுத்து வந்தாள். தராசுக்காரரின் அக்கா மடியில் ஒரு கைப்பிடி போட்டாள். “உங்க தம்பி நல்லவர்தான், அக்கா. ஆனா எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்” என்றாள். மதில் மேலிருந்தவருக்கு ஒரு கைப்பிடி. எதிர்வீடு, மூலைக் கடை, தைப்பவர், கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் கொடுத்து ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினாள்.

இப்போது தெரு முழுக்க வெள்ளை வரிச் சுரைக்காய். என் தோட்டத்தில் பூ வைக்கிறது, நானும் தடவிக் கட்டுகிறேன், பிஞ்சு அழுகுகிறது. மண் களைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

என் மகள் வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. பட்டப்பகலில், வாசல் வழியாக, நடந்துதான் போனாள். அவள் அம்மாவும் கூடவே நடந்துதான் போனாள்.