கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவந்த கண்

இப்பொங்கல் விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா நம்பிராஜன் அவர்களே, முன்வரிசை மூத்தவர்களே, அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, குர்லாவிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் ரயிலேறி வந்த தோழர்களே, சொரிமுத்துவின் வணக்கம்.

கரும்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஈயைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இதே தாராவிச் சந்தில் ஒரு பெண்ணின் அடுப்பு ஏன் அணைந்து கிடக்கிறது என்று கேளுங்கள்.

நம் மன்றத்தின் விழாக்களுக்கெல்லாம் இட்லி அவித்துத் தந்தவர் லூசியம்மாள். சென்ற மாதம் அவர் கடையில் யாரோ ஒரு படம் எடுத்தார்கள். பானை வாயில் எள்ளளவு ஈக்கள் நாலைந்து. நம் செயலாளர் பிரம்மநாயகம் படத்தைப் பார்த்தார். "செவந்த கண்ணு. ஊறலைத் தேடி வர்ற ஈ. பானைக்குள்ள சாராயம் இருக்கு" என்றார். மதுவிலக்கு நடக்கும் பம்பாயில் அந்த ஒரு பேச்சு போதாதா? மன்றம் ஒதுக்கியது. சந்து ஒதுக்கியது. பானையின் மூடியைத் திறந்து பார்த்தவர் யார்? ஒருவர் உண்டா?

பிரம்மநாயகம் அண்ணாச்சி, கையை ஆட்ட வேண்டாம், உங்களுக்கும் மைக் வரும். ஒரே கேள்வி. அது கறுப்பு வெள்ளைப் படம். அதில் சிவப்பை எந்த மூலையில் கண்டீர்கள்?

பின்னாலிருந்து, "அப்பம் அது என்ன ஈ, நீரு சொல்லும் பாட்டையா" என்கிறார் ஒருவர். சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. சாக்கடை ஈக்கு உடம்பெல்லாம் மயிர், இறக்கை கூரைபோல் கவிந்திருக்கும். கூன் முதுகு ஈ ஒன்று உண்டு, பறப்பதைவிட ஓடும். படத்தில் ஓட்டம் தெரியுமா? புளிப்பு ஈக்குத்தான் சிவந்த கண். அதிலும் எத்தனையோ இனம். இறக்கை நரம்பைப் பார்க்கவேண்டும், மீசை மயிரைப் பார்க்கவேண்டும். அந்தப் படத்தில் இருப்பதோ மங்கலான நாலைந்து புள்ளி. கடிகாரம் பழுதுபார்க்கும் லென்ஸைக் கண்ணில் இடுக்கி வருஷக்கணக்காக ஈ பார்க்கிறவன் நான். பார்க்கப் பார்க்க, தெரியாது என்று சொல்லத்தான் பழகியிருக்கிறேன். அந்தச் சொல் இந்த மன்றத்தில் ஒரு வாயிலும் வரவில்லையே, ஏன்?

புளிப்பு ஈயாகவே இருக்கட்டும். இட்லி மாவு புளிக்காதா? தாய்மார்களே, உங்கள் வீட்டுக்கு அது வருவதில்லையா? "வாழப்பழத்துல தெனமும் மொய்க்கு" என்கிறார் சண்முகவடிவு. அவர் வீட்டையும் ஒதுக்கிவைப்போமா?

ஈயின் பெயரைத் தப்பாகச் சொன்னால் ஈக்கு நஷ்டமில்லை. நேற்று லூசியம்மாளைப் பார்த்தேன். "மாவாட்டி யாருக்கு விக்க அண்ணாச்சி?" என்றார். பதில் சொல்லவேண்டியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள்.

எனக்காக வாங்கிய மாலை இந்த மேஜையிலேயே கிடக்கட்டும். நாளைக் காலை அவர் கடையில் இலை போட்டு உட்காருவேன். மன்றத்தார் வரட்டும், மூடியைத் திறக்கட்டும், என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். மாலையை அங்கே போடுங்கள், தலை குனிகிறேன். வராவிட்டால் அது இங்கேயே வாடட்டும்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும் முணுமுணுத்தவர்களுக்கும் நன்றி. தொடக்க வணக்கத்தில் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். கடைசித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் லூசியம்மாள் அவர்களே, வணக்கம்.